சொர்ணப்பனைக் குடித்த தெரு

சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், அடுத்து நான் கடிக்கும் முறுக்கிலேயே மிச்சமிருக்கிற பற்கள் அத்தனையும் உதிரட்டும், நான் ஏறுகிற பஸ்ஸெல்லாம் பாதிக்காட்டில் பஞ்சராகட்டும், நான் போகிற பந்தியிலெல்லாம் என் இலைக்கு முந்தின இலையோடு பாயசம் தீர்ந்து போகட்டும். நம்பாதவர்கள் நேரே எட்டாங்கட்டைக்குப் போய், ஓடைக்கரைத் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லையே என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். நடக்காத விஷயத்துக்கு யாராவது அவ்வளவு அவசரப்படுவார்களா?

ஓடைக்கரைத் தெரு என்று பேர்தான், ஓடை எங்கே என்று கேட்டால் தெருவே சிரிக்கும். கரிசல் மண், தீப்பெட்டி ஆபீஸ்கள், வேலிக்கருவை, எப்போதாவது வரும் தண்ணி லாரி, அந்த லாரிக்காக எப்போதும் நிற்கும் குட வரிசை. அந்த வரிசைதான் அந்தத் தெருவின் சட்டம். குடம் இல்லாதவள் தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம், செங்கல் அகப்படாதவள் அறுந்த செருப்பை வைத்துவிட்டுப் போகலாம், அந்தச் செருப்புக்கு முன்னால் இருப்பது யார், பின்னால் இருப்பது யார் என்று தெருவுக்கே மனப்பாடமாகத் தெரியும்.

அந்தத் தெருவில்தான் மோட்டார் பிச்சைக்கனி இருந்தான். போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது அவன் தொழில். தெரியாது என்ற சொல்லை அவன் நாக்கு அறியாது, அதுதான் அவனுடைய பெருமை, அதுதான் அவனுக்குப் பிடித்த சனியும். கிரைண்டரைக் கொண்டுவந்தால் கிரைண்டர், சைக்கிளைக் கொண்டுவந்தால் சைக்கிள், சர்ச்சிலிருந்து ஆர்மோனியத்தைத் தூக்கிவந்தார்கள், அதையும் பிரித்துப் போட்டுப் பார்த்தான். அது அதற்கப்புறம் ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையின் சத்தத்தைக் கொடுத்தது என்றாலும், கொடுத்தது.

ஆகவே வடிவு வந்து வாசலில் நின்றபோது அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியக் கொஞ்சம் வந்து பாருங்களேன். அதுக்குள்ள உங்க அண்ணன் இருக்காக" என்றாள் வடிவு.

அண்ணன் என்றால் அவள் புருஷன், செத்துப்போன மைக் சொர்ணப்பன். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும், எந்தக் கடை திறந்தாலும், எவன் ஆடு காணாமல் போனாலும் ஊருக்குச் சொன்னவர். வெங்கல அண்டாவுக்குள் பனங்கற்கண்டைப் போட்டு உருட்டினது மாதிரி ஒரு குரல். அந்தக் குரலுக்கே தொண்டையில் நோய் வந்தது. ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின நாள் அவர் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் செண்பகவல்லியின் கல்யாணத்துக்கு வரவேற்பு சொல்லிப் பதிந்து வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்தன்றைக்குத்தான் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அதனால் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் பேசவில்லை, கொஞ்ச நாளில் இருக்கவும் இல்லை.

இப்போது செண்பகவல்லிக்கு ஆவணியில் கல்யாணம். நகை வேண்டும், பட்டு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "அப்பா கூப்பிடாம மண்டபத்துல ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். ஆனால் பெட்டியோ, பட்டனை அமுக்கினால் உறுமியது, படம் காட்ட மறுத்தது.

பிச்சைக்கனி ஸ்க்ரூ டிரைவரோடு போனான். மூடியைக் கழற்றினான். உள்ளே காற்றாடி சுற்றியது, ஒரு சின்னப் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவன் பெட்டியின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, போர்வெல் குழாயில் கேட்பது போலவே ரொம்ப நேரம் கேட்டான்.

"மதினி, ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க."

"குடிக்கவா தம்பி?"

"ஊத்த."

"அதுலயா ஊத்தப் போறீக?"

"மோட்டார் ஓடுது, ஆனா ஏறல. அப்ப ஏர் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். தண்ணிய ஊத்தி ஏரை வெளியேத்தினா தானா இழுத்துக்கிடும். இது பச்சப்பிள்ளைக்கும் தெரியும் மதினி."

எட்டாங்கட்டையில் ஏறாத மோட்டாருக்கெல்லாம் அதுதான் வைத்தியம், வடிவுக்கும் அது தெரியும், ஆகவே அவள் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சுவிட்சை அணைத்து, மேலே இருந்த துவாரத்தில் செம்புத் தண்ணீர் முழுவதையும் சிந்தாமல் ஊற்றி, ஒரு கும்பிடு போட்டு, சுவிட்சைப் போட்டான். பெட்டி ஒருதரம் குலுங்கியது. இருமியது. அடியாழத்தில் வால்வு பிடிப்பது போல ஒரு விம்மல் கேட்டது. பிறகு சிடி வைக்கிற தட்டு நாக்கை நீட்டுவது போல மெதுவாக வெளியே வந்தது, அந்த நாக்கின் மேல் தெளிவாக, குளிர்ச்சியாக, பெருவிரல் தண்டிக்குத் தண்ணீர் கொட்டியது.

"பாத்தீகளா, இழுத்துருச்சு" என்றான் பிச்சைக்கனி. அவன் குரலில் ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் கர்வம் இருந்தது.

வீட்டுக்குள் வெள்ளம் போகிறதே என்று அவன் வாளி கேட்டுச் சத்தம் போட்டான். அந்தத் தெருவில் தண்ணீர் என்ற சத்தம் கேட்டால் தூங்குகிறவள்கூடக் குடத்தோடுதான் எழுந்திருப்பாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வடிவு வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாய்க் குடங்கள் நின்றுவிட்டன. எல்லாம் நிறைந்த பிறகு வேர்த்துப்போய் நின்ற பிச்சைக்கனியும் கடைசி ஆளாக ஒரு சொம்பு பிடித்துக் குடித்தான். தட்டை உள்ளே தள்ளினால் தண்ணீர் நின்றது, பட்டனை அமுக்கினால் வந்தது. இதைவிட ஒழுங்கான குழாயை எட்டாங்கட்டை பார்த்ததே இல்லை.

இது எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பொன்னுத்தாயிடம் வெளியூர்க்காரி ஒருத்தி கேட்டதற்கு, "லாரித் தண்ணி எங்கருந்து வருதுன்னு கேட்டமா, இதைக் கேக்க?" என்று திருப்பிக் கேட்டாள். தெருவுக்கு உடனடியாக இருந்த கேள்விகள் வேறு. கம்ப்யூட்டர் தண்ணியில் பருப்பு வேகுமா? வெந்தது, பஞ்சாக வெந்தது. அந்தத் தண்ணியில் சாமிக்கு அபிஷேகம் செய்யலாமா? பூசாரி ஒரு நாள் யோசித்துவிட்டு, செய்யலாம், ஆனால் முதலில் பெட்டிக்குச் சந்தனம் வைக்க வேண்டும் என்றார். கரண்டு போனால் என்ன செய்வது? அதற்குத் தெருவில் உள்ளவர்கள் மின்வெட்டு நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்னாலேயே வரிசை போட்டார்கள். வார்டு உறுப்பினர் வந்து பெட்டிக்கு மாலை போட்டு, இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த தனக்குத் தானே நன்றி சொல்லி ஒரு பேனர் வைத்தார். குடித்தவர்களெல்லாம் தொண்டையில் பனங்கற்கண்டை ஒதுக்கினது மாதிரி இருக்கிறது என்றார்கள், அதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை.

வடிவு மட்டும் பிச்சைக்கனியைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்டாள்: "தண்ணி சரி தம்பி. அவுக எப்ப வருவாக?"

"மொதல்ல கலங்கல் போவட்டும் மதினி. பின்னால வருவாரு."

முதலில் மாறியது இசக்கியம்மாளின் வாய். வரிசையில் தனக்கு முன்னால் யாரையும் நிற்க விடாதவள், நின்றவளைத் திட்டியே நகர்த்துகிறவள். ஒரு நாள் காலையில் புருஷனைத் திட்ட வாயைத் திறந்தாள். திட்டுக்கு முன்னால், வெங்கலமாய், ஆம்பிளைக் குரலில், "இரு கரம் கூப்பி" என்று வந்தது. அவன் பயந்துபோய் அன்றைக்கு முழுக்க அவள் சொன்ன வேலையெல்லாம் செய்தான். அப்புறம் பொன்னுத்தாய், தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரியிடம் லீவு கேட்கப் போனவள், "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" என்று முழங்கினாள், மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். ஒரு வீட்டில் எல்லோருக்கும் "உங்கள் அனைவரையும்" என்று வந்தது, அடுத்த வீட்டில் "வருக, வருக என" என்று வந்தது, அந்த வீட்டுக்குக் கடன் கேட்கப் போனவர்கள் வாயெல்லாம் பல்லாக உள்ளே போய் ஏமாந்து திரும்பினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சொல். முதல் நாள் முதல் குடத்தில் விழுந்த சொல் எதுவோ, அதுவே அந்த வீட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிச்சைக்கனிக்குப் பேச்சு முடிகிற இடத்திலெல்லாம் "மகிழ்வது உங்கள்" என்று வந்தது. "மோட்டாரு காயில் போயிருச்சு, மகிழ்வது உங்கள்" என்று அவன் சொன்னதில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அதற்கும் தெரு பழகிக்கொண்டது. "பழைய பைப்புன்னா துரு வரும். இதுல குரல் வருது" என்றார்கள். அது யார் குரல் என்று தெரிந்தவர்கள் தெரியாதது போல இருந்தார்கள், ஏனென்றால் தெரிந்தால் குடத்தைக் கவிழ்க்க வேண்டிவரும். வடிவு வாசலில் மட்டும் வாயைத் திறக்காமல் குடம் பிடித்தார்கள்.

கடைசியில் வடிவுக்கு அது இஸ்திரிக்காரர் வேல்மயில் வாயிலிருந்து வந்தது. பிள்ளை இல்லாத மனுஷர், நல்லவர். கல்யாணத்துக்குத் தேய்க்கக் கொடுத்த ஜாக்கெட்டை மடித்து அவள் கையில் கொடுக்கும்போது, தன்னை அறியாமல், "எங்கள் செல்ல மகள் செண்பகவல்லியின்" என்றார், சொர்ணப்பனின் குரலில், மகள் பேரைச் சொல்கிறபோது அவருக்கு வருகிற அந்தச் சிறு தழுதழுப்புகூட மாறாமல். வடிவு ஜாக்கெட்டை வாங்கவில்லை. இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"குடிச்சிட்டீகளா?" என்று கேட்டாள். "எல்லாருமாச் சேந்து அவுகளக் குடிச்சிட்டீகளா?"

டவுனிலிருந்து நிஜமான கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து, ஏதேதோ மாட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா. கழுவி வெயில்ல காயவச்ச பாத்திரம் மாதிரி இருக்கு" என்றார். போகும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் வந்த பிறகு குடிக்கலாம் என்று அதுவரைக்கும் தாயும் மகளும் அந்தத் தண்ணீரை வாயில் வைத்திருக்கவில்லை; அதற்குப் பிறகு வடிவு அதைத் தொடவும் இல்லை. தெருவுக்குக் கொட்டியது, அவள் மட்டும் மேலத்தெருவுக்கு நடந்து உப்புத் தண்ணீர் தூக்கிவந்தாள். வாசலில் குடத்தோடு நின்றவர்களை அவள் விரட்டவில்லை. பிடிங்க, பிடிங்க என்றாள், அப்படிச் சொல்கிறபோது ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பிச்சைக்கனியிடம் பேச்சையே நிறுத்தினாள். திட்டியிருந்தால்கூட அவன் சோறு தின்றிருப்பான். "யக்கா, நாங்க என்ன களவா எடுத்தோம்? தாகத்துக்குக் குடிச்சோம்" என்று பொன்னுத்தாய் அழுதாள், அழுகைக்கு முன்னால் "அன்பார்ந்த பெரியோர்களே" என்று வந்ததால் அந்த அழுகையும் உருப்படவில்லை.

கல்யாணம் நெருங்கிவிட்டது. பிச்சைக்கனி வேலைக்குப் போகாமல் வடிவு வீட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து, வரிசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வரிசையின் வால் பக்கத்தில் இரண்டு பெண்களுக்குள் சண்டை. முன்னால் நின்றவள் கையை நீட்டி, "திருமணத்திற்கு வருகை தந்திருக்கும்" என்றாள். பின்னால் நின்றவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் அனைவரையும்" என்று பாய்ந்தாள். பிச்சைக்கனி சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

"திருப்பிச் சண்டை போடுங்க" என்றான்.

"என்னண்ணே, கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"போடுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், மகிழ்வது உங்கள்."

போட்டார்கள். திருமணத்திற்கு வருகை தந்திருக்கும், உங்கள் அனைவரையும். அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினான். சொர்ணப்பன் எங்கும் போகவில்லை. துண்டு துண்டாக, வரிசையாக, குடத்துக்குக் குடம், தெருவிலேயே இருந்தார்.

அன்று சாயங்காலம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் தெரு கூடியது. பிச்சைக்கனி மறைக்காமல் சொன்னான்: "மண்டபத்துல போயி வரிசையா நின்னு ஆளுக்கொரு சொல்லத் திருப்பிக் குடுத்துருவோம். ஆனா ஒண்ணு, குரலை இழுத்துத்தான் இந்தத் தண்ணி வருது. குரலை வெளிய விட்டா தண்ணி நின்னு போனாலும் போவும்."

பெண்கள் வாசலில் நிறைந்து நின்ற குடங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் பேசினவள் இசக்கியம்மாள், அதுதான் எல்லோருக்கும் அதிசயம்.

"லாரி இன்னைக்கு வராட்டி நாளைக்கு வரும்" என்றாள். "அந்த மனுஷன் இனிமே வர மாட்டாரு. போயிச் சொல்லிட்டு வருவோம், எந்திரிங்கட்டி."

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக்கு ஓடைக்கரைத் தெரு மொத்தமும் வந்தது. பெண்கள் பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, இடுப்பில் காலிக் குடத்தோடு வந்தார்கள். குடம் இடுப்பில் இல்லாவிட்டால் யாருக்குப் பின்னால் யார் என்பது கால்களுக்குத் தெரியாது என்பதால் அப்படி. அவர்களுக்கு நடுவில் ஆட்டோவில் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது, சந்தனப் பொட்டோடும் மாலையோடும், பெண்ணின் தகப்பனார் உட்கார வேண்டிய நாற்காலியில் அதை வைத்து, மண்டபத்துக் கரண்டில் ஒயரைச் செருகினார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இது என்ன, ஒங்க பக்கத்துச் சீரா?"

"ஆமா, சீருதான்" என்றார் வேல்மயில்.

வடிவு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகவல்லி மணவறையில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள். பிச்சைக்கனி கையைத் தூக்கிக் காட்ட, மைக்குக்கு முன்னால் வரிசை நின்றது, வழக்கம்போல இசக்கியம்மாள் முதலாவதாக.

"இரு கரம் கூப்பி!" என்றாள் இசக்கியம்மாள். அடுத்து, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" என்றாள் பொன்னுத்தாய். மண்டபம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கினார்கள்.

"நிறுத்துங்க, வரிசை தப்பு" என்றான் பிச்சைக்கனி.

தெரு முழுக்க இசக்கியம்மாளைப் பார்த்தது. "ஏட்டி, தண்ணி வந்த மொத நாளு நீ எங்க நின்ன?" என்றாள் பொன்னுத்தாய்.

"மொதல்லதான் நின்னேன்!"

"எனக்கு முன்னால ஒருத்தியும் இல்லட்டி அன்னைக்கு. நீ நடுவுலல்லா வந்த, ஈரத் தலையோட. மறுநாள்தானே குடத்தத் தள்ளித் தள்ளி முன்னுக்கு வந்த?"

"யாரு தள்ளுனா? ஒங்கொப்பன் தள்ளுனானா?"

ஐயர் நல்ல நேரம் போகிறது என்றார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். இசக்கியம்மாள் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்; எத்தனையோ வருஷமாக, எத்தனையோ லாரிகளுக்கு முன்னால், ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காத இடுப்பு அது. அவள் மணவறையைப் பார்த்தாள். அங்கே செண்பகவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் மூக்கைச் சிந்தினாள், "அஞ்சாவது எடம்" என்று முணுமுணுத்தாள், ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் பின்னால் போய் நின்றாள். அவள் பின்னால் போவதை அந்தத் தெரு பார்த்தது அது ஒரு தடவைதான்.

பிறகு தொடங்கியது. "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" என்றாள் பொன்னுத்தாய். "எங்கள் செல்ல மகள் செண்பகவல்லியின்" என்றார் வேல்மயில். "திருமணத்திற்கு வருகை தந்திருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, "உங்கள் அனைவரையும்" என்று அடுத்தவள் எடுத்தாள், "இரு கரம் கூப்பி" என்று இசக்கியம்மாள் கும்பிட்டாள், "வருக, வருக என" என்று மற்றவள் வாங்கி, "வரவேற்று" என்று அவளுக்குப் பின்னால் நின்றவள் தொடுத்தாள். இத்தனை வாயிலிருந்தும் ஒரே குரல் வந்தது, இருமல் இல்லாத, நோய் இல்லாத, ஆட்டோவின் தலையிலிருந்து ஊரைக் கூப்பிட்ட அதே வெங்கலக் குரல். சொல்லி முடித்தவர்கள் ஒவ்வொருவரும் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இனிப்பு போய்விட்டிருந்தது.

கடைசியாகப் பிச்சைக்கனி மைக்குக்கு முன்னால் வந்தான். "மகிழ்வது உங்கள்" என்றான்.

அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. மகிழ்வது உங்கள் என்று சொன்னால் அடுத்து ஒரு பேர் வர வேண்டும். அந்தப் பேரை யாரும் குடித்திருக்கவில்லை.

பிச்சைக்கனி நாற்காலியில் இருந்த பெட்டியின் பட்டனை அமுக்கினான். உள்ளே அடிமண்ணைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தட்டு வெளியே வந்தது. அரை டம்ளர் தண்ணீர் வந்தது, அதோடு காற்றாடி நின்றது. அவன் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வடிவுக்கு முன்னால் நின்றான்.

"மதினி, இது நீங்க குடிக்க வேண்டியது."

"எம்புருசன நான் குடிக்க மாட்டேன்" என்றாள் வடிவு, இத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"நீங்க குடிக்காட்டி அண்ணன் பாதியில நிப்பாரு."

ரேஷன் கடையில் புருஷன் பேரைக் கேட்டாலும் மகளை முன்னால் தள்ளிவிட்டுச் சொல்லச் சொல்கிறவள் வடிவு. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக்கூடச் சுவரில் இருந்த காலண்டரில் தங்கநகைக் கடை விளம்பரத்தைத் தொட்டுக் காட்டியவள். அவள் டம்ளரை வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரே மூச்சில் குடித்தாள். மைக் வேண்டாம் என்று கையால் விலக்கினாள். மண்டபம் முழுக்கச் சொர்ணப்பனின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"சொர்ணப்பன்" என்றாள்.

வந்தது அவளுடைய குரல். கொஞ்சம் நடுங்கின, கொஞ்சம் வெட்கப்பட்ட, சாதாரணக் குரல். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அதற்குள்ளே சிரித்தாள். மணவறையில் செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப எல்லாரும் பந்திக்குப் போங்க" என்றாள். ஆனால் தாலி கட்டாமல் எப்படிப் போவது என்று ஐயர் பதறியதில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

தண்ணீர் நின்றுதான் போயிற்று. அடுத்த வாரம் லாரி வந்தது, இசக்கியம்மாள் முதலில் நின்றாள்.

கேட்டாயிற்றா? கேட்டதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கூட இரண்டு சேர்த்தே சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அஞ்சாவது இடத்துக்குப் போன கதையை எவன் வெளியே சொன்னான் என்று இசக்கியம்மாள் இன்னும் குடத்தோடு தேடிக்கொண்டிருக்கிறாள், அது பித்தளைக் குடம்.